ஒரு புழுவின் பூர்வீகம்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, பயணிகளின் குறிப்பு என்றொரு வரிசை நம் நினைவுக்கு வருகிறது. இவை யாவும் மனிதன் தெரிந்தே விட்டுச் சென்றவை. தெரிந்தே விட்டுச் சென்றவை என்பதால் அவற்றுக்கு ஒரு குறையும் உண்டு. மன்னன் தன் வெற்றியைப் பொறித்தான். தோல்வியைப் பெரும்பாலும் பொறிக்கவில்லை. வணிகன் கப்பலில் ஏற்றிய மிளகுக்குக் கணக்கு வைத்தான்; அதே கப்பலில் தானாக ஏறிக்கொண்ட எலிக்குக் கணக்கு வைக்கவில்லை. அந்த எலியின் உடலுக்குள் இருந்த ஒரு புழுவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்று நூறாண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார்கள். இன்று அப்படி ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அது எழுதப்பட்ட விதத்தையும், இடையில் நிகழ்ந்த தடுமாற்றங்களையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் படித்தவனுக்குப் புழுவோடு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தப் புழுவைச் சுற்றி அறிவியலாளர்கள் எழுப்பிய வினா, சுவடிகளோடு பழகியவர்களுக்குப் பழக்கமான வினாதான். ஒரே நூலின் பல படிகள் பல ஊர்களில் கிடைக்கின்றன. எது மூலத்துக்கு அண்மையானது? எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் படி போயிற்று? உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கியபோது எதிர்கொண்ட வினா இது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவைப் பற்றியும் இதே வினா எழுந்தது. அதற்கு விடை கூறியவர்கள் கையாண்ட முறையும் பாடபேத ஆராய்ச்சிக்கு மிக நெருங்கியது.

கான்டன் நகரத்து எலிகள்

1933ஆம் ஆண்டு தென்சீனத்தின் கான்டன் நகரில் சென் சின்-தாவ் என்ற ஆய்வாளர் எலிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலிகளின் நுரையீரல் தமனிகளில் நூல் போன்ற புழுக்கள் இருப்பதைக் கண்டார். அதுவரை பெயரிடப்படாத புழு அது. 1935-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் அதற்குப் பெயர் சூட்டி உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கான்டனின் பெயரையே அப்புழு இன்றும் தாங்கியிருக்கிறது: ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் கான்டனென்சிஸ். 1937-இல் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்த தைவானில் யோகோகாவா என்ற ஆய்வாளர் இதே புழுவைக் கண்டு வேறொரு பெயரிட்டார். 1946-இல் அமெரிக்கரான டோஹர்ட்டி இதனை இன்றைய பேரினத்தின்கீழ்க் கொண்டுவந்தார்.

இப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை முழுமையாக விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆய்வாளர்களான ஜோசஃபின் மெக்கெரஸும் டொரொதியா சாண்டர்ஸும் ஆவர். அவர்களது கட்டுரை 1955-இல் வெளிவந்தது. அவர்கள் கண்டறிந்தது வியப்புக்குரியது. எலியின் நுரையீரல் தமனிகளில் பெண்புழு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு மூச்சுக்குழல் வழியாக மேலேறித் தொண்டையை அடைகிறது. அங்கே விழுங்கப்பட்டுக் குடலைக் கடந்து எச்சத்தோடு வெளியேறுகிறது. அந்த எச்சத்தை உண்ணும் நத்தையினுள், அல்லது ஓடில்லா நத்தையினுள், அது இருமுறை தோலுரித்து வளர்கிறது. அந்த நத்தையை வேறோர் எலி தின்னும்போது மீண்டும் எலியின் உடலுக்குள் புகுகிறது. புகுந்ததும் நேரே நுரையீரலுக்குப் போவதில்லை. முதலில் மூளைக்குச் செல்கிறது. சில வாரங்கள் அங்கே தங்கி வளர்ந்த பிறகே இரத்த ஓட்டத்தின் வழியாக இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியில் நிலைகொள்கிறது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் வட்டம் நிறைவுறுகிறது.

எலிக்கு இந்தப் பயணம் பெரிய கேட்டினை விளைவிப்பதில்லை. புழு அளவுக்கு மீறிப் பெருகினால்தான் துன்பம். எலியும் புழுவும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து பழகியவை. மனிதனின் கதை வேறு. வேகாத நத்தையையோ, நத்தையைத் தின்ற நன்னீர் இறாலையோ, ஓடில்லா நத்தை ஒட்டியிருக்கும் கழுவாத கீரையையோ மனிதன் உண்ணும்போது இளம்புழு அவனுடைய மூளைக்குச் செல்கிறது. மூளைவரை வழி தெரிந்த புழுவுக்கு மனித உடலில் அதற்கப்பால் வழி பெரும்பாலும் இல்லை. அங்கேயே இறக்கிறது. இறந்த புழுவை எதிர்த்து உடல் தொடுக்கும் போரே நோயாகிறது. கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் விவரிக்க முடியாத எரிச்சல், மிகச் சிலருக்கு மரணம். தண்டுவட நீரில் ஈசினோஃபில் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள் மிகுந்து காணப்படுவதே இந்த மூளையுறை அழற்சியின் அடையாளம்.

படிக்கப்படாத ஒரு கட்டுரை

இந்நோயின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த பகுதி அடுத்து வருவது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் தைவானில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் மூளையுறை அழற்சியால் துன்புற்றான். அவனது தண்டுவட நீரில் புழுக்கள் இருப்பதை நொமுரா, லின் என்ற இரு மருத்துவர்கள் கண்டனர். யோகோகாவா விவரித்த எலிப்புழுவே அது என்பதையும் சரியாக இனங்கண்டனர். எலியின் புழு மனித மூளையைத் தாக்கும் என்பதற்கு உலகின் முதற்சான்று அது. 1945-இல் ஜப்பானிய மொழியில், தைவானின் மருத்துவ இதழொன்றில் அதனை வெளியிட்டனர். போர் முடிந்தது, ஜப்பானிய ஆட்சி தைவானை விட்டு நீங்கியது, இதழும் கட்டுரையும் மறக்கப்பட்டன.

அதே ஆண்டுகளில் பசிபிக் தீவுகளில் இனந்தெரியாத மூளையுறை அழற்சி ஒன்று பரவிக்கொண்டிருந்தது. 1940களில் போனபே தீவிலும், 1958-இல் தாஹித்தித் தீவிலும் பலர் நோயுற்றனர். லியோன் ரோசன் முதலிய ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினர். தாஹித்தி நோயைப் பற்றிய கட்டுரை 1961-இல் வெளிவந்தது. 1962-இல்தான், ஹவாயில் இறந்தவரின் மூளையில் கிடைத்த புழுக்களைக் கொண்டு, எலியின் நுரையீரல் புழுவே குற்றவாளி என்பது நிறுவப்பட்டது. நொமுராவும் லின்னும் எழுதியது 1964-இல்தான் ஆங்கிலத்தில் வெளியாகி உலகின் பார்வைக்கு வந்தது. விடை கிடைத்து இருபது ஆண்டுகள் கழித்தே அந்த விடையை வினாவோடு பொருத்தினார்கள். பெருமொழியல்லாத மொழிகளில் எழுதுபவர்கள் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. அறிவு பிறந்துவிடுவது போதாது. அது படிக்கப்படவும் வேண்டும். படிக்கப்படாத இடைவெளியில் நோயுற்றவர்கள் உண்மையான மனிதர்கள்.

குற்றம் சாட்டப்பட்ட நத்தை

காரணம் தெரிந்ததும் அடுத்த வினா எழுந்தது. இப்புழு பசிபிக் தீவுகளுக்கு எங்கிருந்து வந்தது?

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியலாளர் ஜோசஃப் அலிகாட்டா இதற்கு ஒரு விடை கூறினார். 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்துமாக்கடல் தீவுகளில் இப்புழு இருப்பதையும், அது பசிபிக் தீவுகளுக்குப் பரவியதில் ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கு உள்ள பங்கையும் பற்றியது. அந்த நத்தையின் பயணம் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று. கிழக்காப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அது மடகாஸ்கர், மொரீஷியஸ், ரியூனியன் ஆகிய தீவுகளுக்கு முதலில் சென்றது. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து உயிருள்ள நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கிப் பகுதியின் தோட்டம் ஒன்றில் அவை விடப்பட்டன. 1900-இல் இலங்கைக்குச் சென்றது. அதற்குப் பின் மலாயா. 1930களில் ஜப்பானியர் உணவுக்கென்றும் மருந்துக்கென்றும் தைவானிலும் தம் ஆட்சிக்குட்பட்ட பசிபிக் தீவுகளிலும் அதனைப் பரப்பினர். 1936-இல் ஹவாயை அடைந்தது. இன்று தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் வாழைத் தோட்டங்களிலும் மதிற்சுவர்களிலும் கையளவு பருத்து ஊர்ந்து செல்லும் நத்தை இதுவே.

அலிகாட்டாவின் வாதம் கவர்ச்சியானது. நத்தை மேற்கிலிருந்து கிழக்கே ஒவ்வொரு படியாக நகர்ந்தது ஆவணங்களில் இருக்கிறது. அந்த நத்தை இப்புழுவைச் சுமக்க வல்லது என்பது சோதனையில் தெரிந்தது. மடகாஸ்கர் முதலிய இந்துமாக்கடல் தீவுகளில் புழுவும் காணப்பட்டது. ஆகவே புழுவின் தாயகம் கிழக்காப்பிரிக்கா அல்லது அதன் அருகிலுள்ள தீவுகள். நத்தையே அதன் வாகனம். கதை அழகாக முடிந்துவிட்டது. ஆண்டுகள் தெளிவாக இருந்தன. வழி தெளிவாக இருந்தது. குற்றவாளியும் பார்ப்பதற்கு அருவருப்பானவனாக இருந்தான். ஆவணம் உள்ளவன்மீதே குற்றம் சாட்டப்படுவது உலக வழக்கு. நத்தைக்கு ஆவணம் இருந்தது, எலிக்கு இல்லை.

எனினும் ஐயங்களும் உடன் எழுந்தன. முதலாவது, தாஹித்தி. அங்கே நோய் பரவியது 1958-இல். ஆப்பிரிக்கப் பெருநத்தை தாஹித்திக்குள் நுழைந்ததோ 1967-இல். வாகனம் வந்து சேரும் முன்பே பயணி வந்து சேர்ந்திருக்கிறான்! இரண்டாவது, சீனா. அந்நத்தை சீனாவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது 1931-இல், அமோய்த் துறைமுகப் பகுதியில். 1933-இலேயே கான்டன் எலிகளில் புழு இருந்தது. மூன்றாவது, இப்புழு நத்தைகளுள் இன்ன இனந்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பதில்லை. உள்ளூர் நத்தை, ஓடில்லா நத்தை, நன்னீர் நத்தை எதுவாயினும் அதற்குப் போதும். அங்ஙனமாயின் எலி மட்டும் ஒரு தீவில் இறங்கினாலே போதும். மற்றவை அங்கே ஏற்கனவே உள்ளன.

நான்காவது ஐயம் உறவுமுறை பற்றியது. 1968-இல் தாய்லாந்து ஆய்வாளர் மனூன் பைபுலயா, ஆஸ்திரேலியாவின் சொந்த எலி இனமொன்றில் வாழ்வது கான்டன் புழு அன்று, அதன் நெருங்கிய உறவான வேறொரு இனம் என்று காட்டினார். மெக்கெரஸ் அம்மையாரின் பெயரையே அதற்கு இட்டார். 1971-இல் அவரும் கிராஸ் என்பவரும் மலேசியாவில் இன்னோர் உறவினத்தை விவரித்தனர். ஒருவனுடைய உற்றார் உறவினர் எந்த ஊரில் நெருங்கி வாழ்கிறார்களோ அந்த ஊரே அவனுக்குச் சொந்த ஊராக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. கான்டன் புழுவின் நெருங்கிய உறவினங்கள் தென்கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. 1992-இல் கிளிக்ஸ், பலும்போ ஆகிய இருவர் எழுதிய கட்டுரை, புழுவின் உலகப் பரவலில் கப்பல் எலிகளின் பங்கை முன்னிறுத்தியது.

இருப்பினும் இவையனைத்தும் சூழ்நிலைச் சான்றுகளே. புழுவே வாய் திறந்து பேச வேண்டியிருந்தது.

பாடபேதங்கள்

ஏடு எழுதுவோன் ஒரு நூலைப் பார்த்துப் படியெடுக்கும்போது ஓரிடத்தில் எழுத்து மாறுகிறது. அந்தப் படியிலிருந்து எடுக்கப்படும் படிகள் அனைத்திலும் அந்த மாற்றம் தொடர்கிறது. வேறோர் ஊரில் வேறொருவன் வேறோரிடத்தில் மாற்றுகிறான். அவனுடைய வழிவந்த படிகளில் அந்த மாற்றம் தொடர்கிறது. பல தலைமுறைகள் கழித்து எல்லாப் படிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எவை எவை ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றனவோ அவை ஒரு குடும்பம் என்று பிரிக்கலாம். குடும்ப மரம் ஒன்றை வரைந்துவிடலாம்.

உயிரின் ஏடும் இப்படியே படியெடுக்கப்படுகிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பு உண்டு. அதற்கெனத் தனியாக ஒரு டி.என்.ஏ. இழை இருக்கிறது. அது தாய்வழியாகவே இறங்குவதால் தந்தைவழி எழுத்தோடு கலப்பதில்லை. ஒரே மூல ஏட்டிலிருந்து மட்டுமே படியெடுக்கப்படும் நூல் போன்றது அது. அதில் அவ்வப்போது ஓரெழுத்து மாறும். மாறியது சந்ததிக்குச் செல்லும். பல ஊர்ப் புழுக்களின் இந்த எழுத்துகளை ஒப்பிட்டால் உறவுமுறை வெளிப்படுகிறது.

எலியைக் கொண்டே மனிதனின் பயணத்தை அறியலாம் என்பதை முன்பே சிலர் காட்டியிருந்தனர். பாலினீசியர் தம் படகுகளில் உடன்கொண்டு சென்ற பசிபிக் எலியின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைக் கொண்டு, எழுதப்பட்ட சான்று ஏதுமற்ற அவர்களது கடற்பயணங்களை லிசா மட்டிசூ-ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் ஆராய்ந்தனர். எலியைக் காட்டிலும் எலியின் புழு இன்னும் நுட்பமான ஏடு என்பதை 2004-இல் கரோலின் நீபர்டிங் குழுவினர் ஐரோப்பியக் காட்டெலியை வைத்துக் காட்டினர். அந்தக் காட்டெலியின் குடலில் ஒரு புழு வாழ்கிறது. எலியின் டி.என்.ஏ.வையும் புழுவின் டி.என்.ஏ.வையும் ஒருங்கே படித்தபோது, எலியின் ஏட்டில் ஓரெழுத்து மாறும் காலத்தில் புழுவின் ஏட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எழுத்துகள் மாறியிருந்தன. தலைமுறை விரைவாகக் கழியும் உயிரில் படியெடுப்பு மிகுதி. படியெடுப்பு மிகுந்தால் மாற்றமும் மிகுதி. பனியுகத்தில் காட்டெலிகள் தென்னைரோப்பாவின் வெவ்வேறு புகலிடங்களில் ஒதுங்கி வாழ்ந்து, பனி விலகியதும் வடக்கே பரவின. எலியின் ஏட்டில் மங்கலாகத் தெரிந்த அப்பிரிவுகள் புழுவின் ஏட்டில் துலக்கமாகத் தெரிந்தன. ஒட்டுண்ணியை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அவர்கள் ஒப்பிட்டது பொருத்தமே.

இந்த முறையைக் கான்டன் புழுவுக்குப் பொருத்தியபோது என்ன தெரிந்தது? சீனா, தாய்லாந்து முதலிய நாடுகளின் எலிகளிலும் நத்தைகளிலும் எடுக்கப்பட்ட புழுக்களில் பாடபேதங்கள் மலிந்திருந்தன. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய குடும்பங்கள் காணப்பட்டன. புழு பின்னர்ச் சென்று குடியேறிய இடங்களில் நிலைமை நேர்மாறு. 2019-இல் செக் நாட்டு, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட கட்டுரை ஆஸ்திரேலியா, ஹவாய், பிரெஞ்சு பாலினீசியா, கனேரித் தீவுகள் ஆகிய இடங்களின் புழுக்களை எடுத்துக்கொண்டது. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. முழுவதையும் படித்தும் அவற்றுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாகவே இருந்தது. பல்லாயிரம் மைல் இடைவெளியில் உள்ள தீவுகளின் புழுக்கள் ஒரே ஏட்டின் அண்மைக்காலப் படிகளைப் போல இருந்தன.

இதன் பொருள் தெளிவு. ஒரு நூல் நெடுங்காலம் வழங்கிய ஊரில் படிகள் பலவாகும், பேதங்களும் பலவாகும். அங்கிருந்து ஒருவன் ஒரே ஒரு படியை எடுத்துக்கொண்டு அயலூர் சென்றால், அயலூரில் வழங்குவதெல்லாம் அந்த ஒரு படியின் பேரப்பிள்ளைகளே. புழுவின் வளமான பேதங்கள் தென்கிழக்காசியாவிலும் தென்சீனத்திலும் கிடைப்பதால், அதன் பூர்வீகம் அந்நிலப்பகுதியே என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. தீவுகளில் அது புதிதாகக் குடியேறியது. பாலினீசியரின் பழைய படகுகளில் வந்த பழங்குடி என்று கருதுவதைவிட, நீராவிக் கப்பல்களின் காலத்திலோ அதற்குப் பின்னரோ வந்திறங்கியது என்று கருதுவதே இந்த ஒருமைப்பாட்டுக்குப் பொருந்துகிறது.

சரசுவதி மகாலின் எச்சரிக்கை

இங்கே ஒரு தடையை நாமே எழுப்பிப் பார்க்க வேண்டும். பேதம் மிகுந்த இடமெல்லாம் பிறந்த இடமாகிவிடுமா? தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் எத்தனையோ நூல்களின் எத்தனையோ படிகள் உள்ளன. அதனால் அந்நூல்கள் யாவும் தஞ்சையில் பிறந்தவை என்று கூறிவிட முடியாது. பல ஊர்களிலிருந்து சேகரித்து வைத்ததால் அங்கே பன்மை உண்டாயிற்று. ஒரு துறைமுகமும் அவ்வாறே. பல நாட்டுக் கப்பல்கள் பல நாட்டு எலிகளை இறக்கிவிட்டால் அத்துறைமுகத்துப் புழுக்களிலும் பன்மை காணப்படும். பிரேசில் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே மனிதருக்கு இந்நோய் வந்த செய்தி 2007-இல்தான் வெளியாயிற்று. ஆயினும் பிரேசில் புழுக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் காணப்படுகின்றன. ஒருமுறை அன்று, பலமுறை புழு அங்கே இறக்குமதியாகியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் கூறும் விளக்கம்.

அங்ஙனமாயின் பிறந்த ஊரையும் சேகரித்த ஊரையும் எப்படிப் பிரித்தறிவது? பிறந்த ஊரில் பேதங்களுக்கு இடைப்பட்ட படிகளும் கிடைக்கும். ஓரெழுத்து மாறியது, ஈரெழுத்து மாறியது, மூன்றெழுத்து மாறியது என்று படிப்படியான வரிசையைக் காணலாம். பக்கத்து ஊர்களிலும் அவ்வரிசையின் தொடர்ச்சி இருக்கும். சேகரித்த ஊரில் ஒன்றோடொன்று தொடர்பற்ற சில பாடங்கள் அடுத்தடுத்து நிற்கும். இடையிலுள்ள படிகள் வேறெங்கோ இருக்கும். ஆசியாவில் காணப்படும் பன்மை முதல்வகையை ஒத்தது. உறவினங்களும் அதே பகுதியைச் சுற்றியே வாழ்கின்றன. தனித்தனியே ஐயத்துக்கு இடந்தரும் இரு சான்றுகள் ஒரே திசையைச் சுட்டும்போது வரலாற்றாசிரியன் துணிந்து எழுதலாம்.

எலியின் வரலாறும் இதனோடு இணைந்தது. உலகின் துறைமுகங்களெங்கும் பரவிய கருநிறக் கப்பல் எலியின் வம்சம் இந்தியத் தீபகற்பத்திலிருந்து புறப்பட்டது என்று 2011-இல் வெளியான ஒரு விரிவான மரபணு ஆய்வு கூறுகிறது. நம் கடற்கரைகளிலிருந்து அயல்நாடு சென்ற பொருள்களின் பட்டியலைப் பெருமிதத்தோடு சொல்லும் நாம், பட்டியலில் இல்லாத இந்தப் பயணியையும் நினைவிற்கொள்வது நல்லது.

வழக்கின் விளைவுகள்

ஒரு புழு எங்கே பிறந்தால் என்ன என்று இதனைத் தள்ளிவிட இயலாது. காவல் எங்கே வைப்பது என்பது அதைப் பொறுத்தது. நத்தையே வாகனம் என்று நம்பினால் நத்தையை மட்டும் தடுப்போம். எலி இன்னொரு வாயில் வழியாக நுழையும். 1981-இல் கியூபாவில் இப்புழு கண்டறியப்பட்டது. 1988-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரத்து எலிகளில் இருப்பது வெளியாயிற்று. 2010-இல் கனேரித் தீவுகளிலும், 2022-இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரத்து எலிகளிலும் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் துறைமுகங்களும் தீவுகளுமே இப்பட்டியலில் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அதே வேளையில் நத்தையை முற்றிலும் விடுவித்துவிடவும் முடியாது. சென்ற இடத்தில் புழுவைப் பெருக்குவதில் வேற்றுநாட்டு நத்தைகளுக்குப் பங்குண்டு. 2006-இல் பெய்ஜிங் நகரில் 160 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். உணவகத்தில் சரியாக வேகாமல் பரிமாறப்பட்ட நன்னீர் நத்தையே காரணம். அந்த நத்தையின் சொந்த நாடு தென்னமெரிக்கா. ஆசியப் புழுவுக்கு ஆப்பிரிக்க நத்தையும் ஒன்றுதான், அமெரிக்க நத்தையும் ஒன்றுதான்.

நத்தையின்மீது மட்டும் கண்ணை வைத்ததன் இன்னொரு விளைவும் தாஹித்தியில் நிகழ்ந்தது. அது நோயைக் கருதிச் செய்யப்பட்டதன்று. பயிரழிவைக் கருதிச் செய்யப்பட்டது. பெருநத்தையை ஒழிப்பதற்காக 1974-இல், பிற நத்தைகளைத் தின்னும் அமெரிக்க நத்தை ஒன்றை அங்கே இறக்குமதி செய்தனர். அது பெருநத்தையை விட்டுவிட்டு, தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்னும் சிறு மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. பக்கத்துத் தீவான மூரேயாவில் பார்ட்டுலாவின் 7 இனங்களும் 1987-க்குள் காட்டிலிருந்து மறைந்தன. தீவு மக்கள் மாலை கோத்து அணிந்த ஓடுகள் அவை. உயிரினப் பரிணாமத்தை ஆராய்ந்தோர் பல்லாண்டுகளாகப் படித்துவந்த ஏடுகளும் அவையே. சில இனங்கள் உயிர்க்காட்சிச் சாலைகளில் காப்பாற்றப்பட்டு 2015 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்டு வருகின்றன என்பது சற்று ஆறுதல். எரிந்துபோன நூலகத்திலிருந்து இரவல் போயிருந்த சில நூல்கள் மட்டும் திரும்பி வருவதைப் போன்றது அது.

நமக்கு அண்மையிலும் இக்கதையின் ஒரு கிளை உண்டு. கேரளத்திலிருந்து 2006-இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று, ஈசினோஃபில் மிகுந்த மூளையுறை அழற்சியால் துன்புற்றவர்களுள் சிலர் உடும்பின் பச்சை இறைச்சியை உண்டவர்கள் என்று பதிவு செய்கிறது. இலங்கையிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்துள்ளன. நத்தையைத் தின்னும் உடும்பின் உடலில் இளம்புழு வளராமல் காத்திருக்கும். உடும்பு இறைச்சி வலிமை தரும் என்ற நம்பிக்கை அதனை மனிதனிடம் கொண்டு சேர்க்கிறது. கீரையை நன்கு கழுவுவதும், இறைச்சியை நன்கு வேகவைப்பதும் என்ற எளிய பழக்கங்களே இதற்குக் காப்பு.

இறுதியாக ஒன்று. பூர்வீகத்தைக் கண்டறிவதும் குற்றவாளியைக் கண்டறிவதும் வெவ்வேறு வேலைகள். இவற்றை நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டி அந்த ஊராரை வெறுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இப்புழுவின் பெயரிலும் ஓர் ஊர் இருக்கிறது. அது புழு பிறந்த ஊருக்குச் சான்று அன்று. சென் சின்-தாவ் எலிகளை அறுத்துப் பார்த்த ஊருக்கே சான்று. ஆசியாவின் காடுகளிலும் வயல்களிலும் எலியும் நத்தையும் புழுவும் மனிதனைச் சட்டை செய்யாமல் நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றன. அவற்றைக் கப்பலேற்றியவை நம்முடைய வணிகமும் போரும் குடியேற்றமும். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாமல் போன அந்தக் கணக்கின் ஒரு பகுதியையேனும் எலியின் நுரையீரலில் இருந்த புழு காப்பாற்றி வைத்திருந்தது.